வெள்ளிக்கிழமை அவித்த முட்டை

ஒட்டோவுக்கு வயது இரண்டு. கைக்கு அகப்பட்டதையெல்லாம் கழிப்பறைக்குள் போடுவதுதான் அவனுடைய முழுநேர வேலை.

போன கிழமை அம்மாவின் கார்ச் சாவியைப் போட்டான். பிறகு தொலைக்காட்சி ரிமோட்டைப் போட்டான். அதனால்தான் அவனுடைய அக்கா பிரேயா, தன்னிடம் இருந்தவற்றிலேயே மிகவும் விருப்பமான பொருளைத் தன் தோழி சாரங்கியிடம் கொண்டு வந்தாள்.

"சனிக்கிழமை வரைக்கும் இதை உன் வீட்டில் வைத்திரு. அன்றைக்கு நானும் அப்பாவும் மீன் பிடிக்கப் போகிறோம். நீயும் வருகிறாய்!"

இருவரும் டென்மார்க்கில் பிரெடெரிசியா நகரில் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். தங்களுக்குள் டெனிஷ் மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். உங்களுக்காக அதைத் தமிழில் எழுதியிருக்கிறேன்.

சாரங்கி உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்தாள். கைப்பிடி இல்லாத சின்னக் கரண்டி போல வளைந்த ஒரு தகடு. அடிப்பிடித்த சட்டியைப் போல அவ்வளவு கறுப்பு.

"இதற்குப் பெயர் பிளிங்க்" என்றாள் பிரேயா. "கொக்கியைக் கழற்றிவிட்டேன், பயப்படாதே. இதை நூலில் கட்டி ஆற்றில் எறிந்து இழுத்தால் ஆடி ஆடி வரும். சின்ன மீன் நீந்துகிறது என்று நினைத்துப் பெரிய மீன் வந்து கவ்வும். இங்கே பார், விளிம்பில் இரண்டு பள்ளம். ஒரு ராட்சத மீன் கடித்த அடையாளம்!"

"உன் அப்பா சொன்னாரா?"

"அவர் சொல்லவில்லை. ஆனால் வேறு எது கடித்திருக்கும்?"

பிரேயாவின் அப்பா ஹென்னிங் கப்பலில் வேலை செய்கிறார். மாதக்கணக்கில் வீட்டுக்கு வரமாட்டார். இந்த முறை புறப்படும்போது அந்தப் பிளிங்கைப் பிரேயாவின் கையில் வைத்து, "நான் வரும்வரை கவனமாகப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒக்டோபர் விடுமுறை வந்துவிட்டது. அவரும் வரப்போகிறார்.

வியாழக்கிழமை பின்னேரம் சாரங்கியின் வீட்டில் சாமியறைச் சாமான்கள் துலக்கும் வேலை நடந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை அல்லவா? அம்மா சயந்தினி நிலத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, விளக்கு, தட்டு, கிண்ணம் எல்லாவற்றையும் பரப்பினார்.

"பித்தளைக்குப் புளி, வெள்ளிக்குத் திருநீறு. மாறிப் போட்டிடாதை பிள்ளை."

"ஓம் அம்மா."

"இந்த வெள்ளிக் கரண்டியைப் பார். அப்பா இதாலை அவிச்ச முட்டை சாப்பிட்டவர். அதுதான் இப்பிடிக் கறுத்துப்போய்க் கிடக்கு. முட்டை பட்டால் வெள்ளி கறுக்கும் எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்!"

சோபாவில் இருந்த அப்பா கஜதீபன் கேட்காதவர் போலக் கைபேசியை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

கரண்டி பளபளத்ததும் சாரங்கிக்குப் பிரேயாவின் பிளிங்க் நினைவுக்கு வந்தது. பாவம், எவ்வளவு அழுக்காக இருக்கிறது! அதையும் துலக்கிக் கொடுத்தால் பிரேயா துள்ளிக் குதிப்பாள்.

ஓடிப்போய் எடுத்து வந்தாள். திருநீற்றைத் தொட்டு, துணியால் தேய்த்தாள். கறுப்புக்குக் கீழே வெள்ளை தெரிந்தது. இன்னும் தேய்த்தாள். குழிந்த பக்கத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. 'பிரேயா' என்று டெனிஷில் வெட்டியிருந்தது.

'பெயர்கூடப் போட்டிருக்கிறாரே அவளுடைய அப்பா' என்று சாரங்கி நினைத்துக்கொண்டாள்.

அம்மா எட்டிப் பார்த்தார். "அட, இது வெள்ளியெல்லோ! நல்ல வடிவா மினுக்கிப்போட்டாய்."

மறுநாள் காலை பிரேயா வந்தாள். சாரங்கி பிளிங்கை ஒரு தட்டில் வைத்து, மேலே துணி மூடி, மந்திரவாதி போலக் கொண்டுவந்து திறந்தாள்.

பிரேயா குதிக்கவில்லை. அவளுடைய முகம் சுருங்கியது.

"என்ன செய்தாய்? அந்தக் கறுப்பு எங்கே?"

"அழுக்கு... நான் துலக்கினேன்."

"அது அழுக்கில்லை சாரங்கி! இப்போது ஆற்றுத் தண்ணீர் தெளிவாக இருக்கும். இப்படி மின்னினால் மீன் பயந்து ஓடிவிடும். அப்பா இதை ஒருநாளும் துடைக்கவே மாட்டார். கவனமாகப் பார்த்துக்கொள் என்றுதானே என்னிடம் தந்தார்? நான் என்ன சொல்வேன்?"

அவள் அழுதுகொண்டே படிகளில் இறங்கி ஓடினாள். பிளிங்கையும் எடுக்கவில்லை, தொப்பியையும் எடுக்கவில்லை.

சாரங்கி அந்தத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு நெருங்கிய தோழி. அந்தத் தோழியையும் திருநீறு போட்டுத் தேய்த்துத் துரத்திவிட்டாளே!

"பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிஞ்சிட்டுது" என்றார் அப்பா. அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் மறுபடியும் கைபேசிக்குப் பின்னால் மறைந்தார்.

அப்பாவைப் பார்த்ததும் சாரங்கிக்கு வெள்ளிக் கரண்டி ஞாபகம் வந்தது. சட்டென்று எழுந்தாள்.

"அம்மா! வீட்டிலை முட்டை இருக்கா?"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை பிள்ளை! முட்டை சாப்பிடப் போறியோ?"

"எனக்கில்லை அம்மா. கரண்டிக்கு!"

அவள் மூச்சு விடாமல் விஷயத்தைச் சொல்லி முடித்தாள். அம்மா சாமியறைப் பக்கம் திரும்பிப் பார்த்து யோசித்தார்.

"சரி. சாப்பிடாத முட்டைக்குச் சாமி கோவிக்காது. ஆனால் என்ரை சட்டி ஒண்டையும் தொடாதை. அப்பா கோப்பி போடுற சட்டியிலை அவி."

"என்ரை சட்டியோ?" என்றார் அப்பா.

"ஓம். முட்டையாலை வெள்ளியைக் கறுப்பாக்கலாம் எண்டு இந்த வீட்டுக்குக் காட்டித் தந்தது நீங்கள்தானே?"

அம்மா பக்கத்தில் நின்று பார்க்க, சாரங்கி இரண்டு முட்டைகளை அவித்தாள். ஒரு பழைய ஐஸ்கிரீம் பெட்டிக்குள் போட்டுச் சூட்டோடு மசித்தாள். பிளிங்கை மேலே வைக்கப் போனவள் ஒரு நிமிடம் நின்றாள். உள்பக்கத்தில் இருந்த பெயரை மறுபடியும் மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்தப் பக்கத்தில் மட்டும் ஒட்டுநாடாவை இறுக்கி ஒட்டினாள். பிறகு முட்டைமேல் வைத்துப் பெட்டியை மூடினாள்.

மாலையில் பெட்டியைத் திறந்தபோது வீடு முழுக்க நாறியது.

"ஐயோ, சன்னலைத் திறவுங்கோ!" என்று அப்பா மூக்கைப் பொத்தினார்.

பிளிங்க் கறுத்திருந்தது. சாரங்கி அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மோந்து பார்த்து, மறுபடியும் கழுவினாள். ஒட்டுநாடாவை உரித்தாள். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை.

சனிக்கிழமை காலை ஹென்னிங்கின் கார் வாசலில் நின்றது. அம்மா ஒரு பை நிறைய மரக்கறி ரோல்ஸ் கொடுத்தார். "அந்தாளுக்கு நடந்ததைச் சொல்லு பிள்ளை. மறைக்காதை. சரியோ?"

"ஓம் அம்மா. போட்டு வாறன்."

பிரேயா முன்னிருக்கையில் இருந்தாள். கோல்டிங் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேரும்வரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சாரங்கிக்கு அந்த வழி முடிவில்லாமல் நீண்டது.

ஆற்றங்கரையில் இறங்கியதும் அவள் நேரே ஹென்னிங்கிடம் போனாள். டென்மார்க்கில் தோழியின் அப்பாவையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"ஹென்னிங், பிரேயா கவனமாகத்தான் வைத்திருந்தாள். நான்தான் உங்கள் பிளிங்கைத் துலக்கிவிட்டேன். பிறகு முட்டை வைத்துக் கறுப்பாக்கினேன். முழுவதும் இல்லை. பாதிதான்." அவள் பிளிங்கை அவரிடம் நீட்டினாள். "மன்னித்துக்கொள்ளுங்கள்."

ஹென்னிங் பிளிங்கை வாங்கிக் கறுத்த பக்கத்தைப் பார்த்தார். புரட்டினார். அப்படியே நின்றுவிட்டார்.

பிரேயாவும் எட்டிப் பார்த்தாள். "இது என்னுடைய பெயர்!"

"உனக்குத் தெரியாதா?" என்று சாரங்கி கேட்டாள்.

"தெரியாது! அப்பா, என் பெயர் ஏன் இதில் இருக்கிறது?"

ஹென்னிங் விரலால் எழுத்துகளைத் தடவினார்.

"இது உன்னுடைய கரண்டி, பிரேயா. உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று பெயர் வெட்டிக் கொடுத்த வெள்ளிக் கரண்டி. இதால்தான் உனக்கு ஓட்ஸ் கஞ்சி ஊட்டினேன். நீ வளர்ந்த பிறகு இது மேசை லாச்சிக்குள் சும்மா கிடந்தது. கைப்பிடியை வெட்டிப் பிளிங்க் ஆக்கினேன். கப்பலில் எப்போதும் என் சட்டைப் பைக்குள் இருக்கும். நாளாக நாளாகக் கறுத்துப்போய், பெயரும் மறைந்துவிட்டது." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் இன்னும் அந்தக் கரண்டியைத் தேடிக்கொண்டிருக்கிறாள்."

பிரேயா சாரங்கியின் கையைப் பிடித்தாள். பிரேயாவின் விரல்கள் குளிர்ந்திருந்தன.

"நான் உன்னோடு கோபித்துக்கொண்டு ஓடிவிட்டேன்."

"தொப்பியையும் விட்டுவிட்டு ஓடினாய்" என்று சாரங்கி தன் பைக்குள் இருந்து அதை எடுத்து அவளுடைய தலையில் மாட்டினாள்.

ஹென்னிங் பிளிங்கில் கொக்கியை மாட்டினார். "முழுக்க மின்னினால் மீன் பயப்படும். முழுக்கக் கறுத்தால் சிலவேளை கண்ணிலேயே படாது. பாதி மின்னும் பிளிங்கை நானும் பார்த்ததில்லை. எறி பிரேயா!"

பிரேயா ஆற்றுக்குக் குறுக்கே எறிந்தாள். நீரோட்டம் அதை இழுத்துப் போக விட்டு, மெதுவாக நூலைச் சுற்றினாள். தண்ணீருக்குள் வெள்ளை தெரிந்தது. மறைந்தது. மறுபடி தெரிந்தது.

பல தடவை எறிந்தும் ஒன்றும் நடக்கவில்லை. சாரங்கி தன் விரலை மோந்து பார்த்தாள். இன்னும் முட்டை மணம் போகவில்லை. மீனுக்கும் மணந்திருக்குமோ என்று கவலைப்பட்டாள்.

திடீரென்று தூண்டில் தடி வளைந்தது.

"அப்பா!"

"விடாதே! மெதுவாக, மெதுவாக!"

மூவரும் கூச்சல் போட்டதில் அக்கரையில் நின்ற வாத்துகள் எழுந்து பறந்தன. கடைசியில் ஹென்னிங்கின் வலைக்குள் ஒரு பெரிய கடல் டிரவுட் மீன் துள்ளியது. பழுப்பு நிறம், உடம்பெல்லாம் புள்ளிகள், பருத்த வயிறு.

"தாய் மீன்" என்றார் ஹென்னிங். "கடலில் இருந்து முட்டையிட வந்திருக்கிறது. இதை விட்டுவிட வேண்டும்."

"இந்தக் கிழமை எங்கே போனாலும் முட்டைதான்" என்றாள் சாரங்கி.

ஹென்னிங் தண்ணீருக்குள் வைத்தே கொக்கியைக் கழற்றினார். மீன் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு வாலை ஒரு தரம் அடித்துவிட்டு ஆற்றின் மேல்பக்கமாகப் போனது.

பிரேயா பிளிங்கைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். "புதிய பள்ளம் ஒன்றும் விழவில்லையே! இவ்வளவு பெரிய மீன் கடித்தும் மெல்லிய கீறல்தான் இருக்கிறது. அப்படியென்றால் இந்த இரண்டு பள்ளத்தையும் போட்ட மீன் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் அப்பா?"

ஹென்னிங் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பை அடக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"இவ்வளவு பெரிது" என்று ஒரு குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவர் போலக் கைகளை வைத்துக் காட்டினார். "உனக்கு முதல் பல் இரண்டும் முளைத்த கிழமை. கஞ்சி முடிந்துவிட்டது. ஆனாலும் கரண்டியை விடமாட்டேன் என்று கடித்துக்கொண்டே தூங்கிப்போனாய்."

பிரேயா வாயைத் திறந்தபடி நின்றாள். நாக்கால் தன் முன்பற்களை மெல்லத் தடவிப் பார்த்தாள்.

சாரங்கி பையைத் திறந்து ஒரு ரோலை நீட்டினாள்.

"இந்தா ராட்சத மீனே, இதைக் கடி."