போயிட்டு வா

விடுதி நடை காய்ந்துதான் கிடந்தது. ஆனாலும் ஈரக்கால் வைத்து நடக்கும் சத்தம் அறைக்கு வெளியே வந்து நின்றது.

மாயவித்தைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் சாப்பாட்டுக்கூடத்தில் இருந்தார்கள். காய்ச்சலில் கிடந்த தங்கைக்குத் துணையாக அக்காக்காரி மட்டும் அறையில் இருந்தாள். அவளுக்குப் பதினாறு, தங்கைக்குப் பத்து. வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்த இடத்தில் ஒருத்திக்கு ஒருத்தியை விட்டால் நாதியில்லை.

"யாருக்கா அது?"

"காத்துடி வாலு. தூங்கு."

காற்றில்லை என்று அவளுக்குத் தெரியும். மத்தியானம் வகுப்பில், தண்ணீர்த் தொட்டியிலிருந்து நிழலை அழைத்துத் திருப்பி அனுப்பும் பயிற்சி. "போன்னா போ. மரியாதையெல்லாம் விருந்தாளிக்கு" என்று வாத்தியார் தலைபாடாக அடித்துக்கொண்டார். அந்த ஒற்றைச் சொல் யார் முகத்தில் விழுகிறதோ அவர் போயே ஆக வேண்டும். திரும்பி வர முடியாது.

அழைத்தாள், வந்தது. அனுப்பும்போதுதான் வாய்ப்பழக்கம் காலை வாரிவிட்டது. புறப்படுகிறவரிடம் வெறும் 'போ' சொல்லி வளர்ந்தவளா அவள்? "போயிட்டு வா" என்றுவிட்டாள். நிழல் சற்று நின்று, தலையை ஆட்டிவிட்டுப் போனது. வாத்தியார் வேறு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். மானம் போகுமே என்று இவளும் வாய் திறக்கவில்லை.

இப்போது விளக்கு மங்கியது. பாசித் தண்ணீரின் நாற்றம் கதவிடுக்கு வழியாக நுழைந்து, கட்டில் கால்களைத் தடவி, போர்வைகளின் பாச்சை உருண்டை வாசனையை அமுக்கி, அவள் நாக்கில் வந்து கசந்தது. கதவு திறக்கவில்லை. சத்தம் மட்டும் உள்ளே வந்துவிட்டது. அவளைச் சுற்றிக்கொண்டு போனது. தங்கையின் கட்டிலருகே நின்றது.

விளக்கு அணைந்தது.

"அக்கா... என் காலை யாரோ தொடறாங்க."

இந்த முறை தப்பக் கூடாது. ஒரே சொல். தங்கையின் கட்டில் பக்கம் இருட்டைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"போ!"

சத்தம் நின்றது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

கட்டில் கிரீச்சிட்டது. வெறுங்கால் தரையில் பட்டது. காய்ச்சல் சூடு அவள் முழங்கையை உரசிக் கடந்தது. கதவு திறந்தது. நடையின் வெளிச்சத்தில் தங்கையின் முதுகு.

"வாலு! எங்கடி போற?"

"நீதானேக்கா போகச் சொன்னே."

குரலில் கோபம்கூட இல்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. பாய்ந்து தோளைப் பிடித்தாள். கையில் சட்டை அகப்படவில்லை. சூடு மட்டும் ஒட்டியது. அதுவும் ஆறியது.

அவளுக்குப் பின்னால் கட்டில் மறுபடி கிரீச்சிட்டது. தங்கை படுத்திருந்த பள்ளத்தில் ஈரமாக ஏதோ ஒன்று ஏறிப் படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டது.