வண்டிக்கு ஒரு மேசை

இஞ்சின் சூடாக இருந்தது.

தம்பிராஜா கையை எடுத்துக்கொண்டான். மறுபடி வைத்துப் பார்த்தான். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் ஆறிக்கொண்டு வரும்போது இருக்குமே, அந்தச் சூடு. மூன்று வாரம் போலீஸ் நிலையத்தின் பின்புறம் மழையில் கிடந்துவிட்டு, முந்தாநாள்தான் வண்டி வீட்டுக்கு வந்தது. நேற்றே பெட்ரோலை வடித்துவிட்டான். வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். காலையிலிருந்து வெயிலே இல்லை.

அது குட்டி வண்டி. சண்டைக்காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் ஆகாயத்திலிருந்து இறக்குவதற்காகச் செய்தது. இருக்கை முழங்கால் உயரம். கைப்பிடியை மடக்கினால் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும். உதைத்துக் கிளப்ப அதில் ஒன்றும் கிடையாது. பிடித்துக்கொண்டு பத்தடி ஓட வேண்டும், ஓடினால்தான் இஞ்சின் பிடிக்கும். அவன் மனைவி பொன்னம்மாவின் அண்ணன் அண்ணாமலை காஜா பெராங் சந்துகளில் அப்படித்தான் ஓடுவான். வாயில் சிகரெட், செருப்பு தரையில் பட் பட்டென்று அடிக்கும், பிறகு ஒரு தாவலில் ஏறிக்கொள்வான். ஆகஸ்டில் மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வரும் நாளன்று ஊரைச் சுற்றி வரவேண்டும் என்று கொடி கட்ட ஒரு மூங்கில் குச்சியைக் கைப்பிடியில் இறுக்கி வைத்திருந்தான். குச்சி இன்னும் அங்கேயே இருந்தது.

புக்கிட் ரம்பாய் சாலையில் அண்ணாமலையை ஏதோ லாரி அடித்துவிட்டது என்று போலீஸ் எழுதி முடித்துவிட்டது. லாரி எதுவும் இல்லை. முந்தின நாள் தம்பிராஜா அடித்த அடியில் பொன்னம்மாவின் உதடு கிழிந்திருந்தது. அண்ணாமலை அவனை ரப்பர் மரங்களின் ஓரமாக நிறுத்தி, "இனிமே நீ எங்க வீட்டுக்கு வர வேணாம். சுடா. முடிஞ்சது," என்று மலாயும் தமிழுமாகச் சொன்னான். அவ்வளவுதான் பேசினான். திரும்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காவது எட்டில் தம்பிராஜாவின் ரிங் ஸ்பானர் அவன் பின்மண்டையில் இறங்கியது. ஐந்தாவது எட்டை அவன் வைக்கவில்லை. அதற்குப் பிறகு தம்பிராஜா மூன்று தடவை அடித்தான், ஈரச் சாக்கை அடிப்பதுபோல. ஸ்பானரைக் கால்வாயில் கழுவி, தான் வேலை செய்யும் மோட்டார் பட்டறையில் தன் பெட்டிக்குள் போட்டான். ஒரு சாமான் குறைந்தால் பட்டறையில் கேட்பார்கள்.

"என் அபாங் வண்டிய உள்ளறையில பத்திரமா வைங்க," என்று பொன்னம்மா இன்று சொன்னபோது அவன் மறுக்கவில்லை. அவள் பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய செட்டி வீட்டுப் பெண். அவர்கள் வீட்டுக்குள் பேசுவது மலாய்தான். தமிழ் அவனோடு பழகி வந்தது. அண்ணனை அவள் அபாங் என்றே கூப்பிடுவாள். வண்டி கண்ணில் படாமல் ஓர் அறையில் போய் அடைந்தால் அவனுக்கும் நல்லது.

நீண்ட நாள் வைக்கிற வண்டிக்கு முறை இருக்கிறது. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் எண்ணெய் விட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி உள்ளே பரவவிட வேண்டும். சங்கிலிக்கு கிரீஸ். புகைக்குழாய் வாயில் துணி. கடைசியாக இரண்டு சக்கரமும் தரையில் படாமல் தூக்கி நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் டயர் ஒரே இடத்தில் அமுங்கிக் கெட்டுவிடும்.

பட்டறைத் தோழன் நல்லையா சாயங்காலம் ஓர் இரும்பு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"என்னா மச்சான், இது வண்டியா ஆட்டுக்குட்டியா? இந்த ஸ்டாண்டுல ஏத்துனா தூக்குல போட்ட மாதிரி தொங்கும் லா."

"வெச்சிட்டுப் போ."

"செங்கல்ல நிறுத்து, இல்ல பலகை பாரு." நல்லையா ஸ்டாண்டை மறுபடி தோளில் ஏற்றினான். "ஆமா, ஸ்பானர் வந்து சேந்துச்சா? நீ கேட்டேன்னு காலைல உன் வீட்டம்மா வாங்கிட்டுப் போச்சே."

"எந்த ஸ்பானர்?"

"பெரிய ரிங். பெட்டியத் தொறந்தா எலி செத்த வாடை. நீயெல்லாம் ஒரு மெக்கானிக்."

நல்லையா போன பிறகும் தம்பிராஜா அங்கேயே நின்றான். கூரைத் தகரத்தில் தூறல் விழுந்தது. சமையலறையில் பொன்னம்மா கத்தியால் எதையோ பிளக்கும் சத்தம். இன்று ராத்திரி அவளிடம் கேட்க வேண்டும். கழுத்தைப் பிடித்துக் கேட்க வேண்டும். அண்ணன் போன வழியே தங்கையும் போகலாம்; துக்கம் தாங்காமல் போனாள் என்று ஊர் நம்பும். அவன் விரல்கள் தாமாக மடங்கின.

உள்ளறைக்கு ஒரே கதவு. ஜன்னலைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். வண்டியை உள்ளே தள்ளிவந்து செங்கல்லில் நிறுத்தினான், சாய்ந்தது. மூலையில் பழைய சாரோங் துணி போர்த்தி ஒரு தாழ்வான பலாமர மேசை இருந்தது. சாம்பிராணி நெடி. அளந்து பார்த்தான். வண்டியின் அடிச்சட்டம் குறுக்கே உட்கார்ந்தால் முன்னும் பின்னும் சக்கரங்கள் காற்றில் நிற்கும். இந்த வண்டிக்கென்றே செய்ததுபோல இருந்தது. மூச்சுப் பிடித்துத் தூக்கி ஏற்றினான்.

நிமிர்ந்தபோது பொன்னம்மா வாசலில் நின்றாள். கையில் தட்டு. ரம்புத்தான், மங்குஸ்தீன், பிளந்த டுரியான். மேலே ஒரு வாழையிலை.

மேசையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னிக்குப் பழப் பார்ச்சு," என்றாள்.

பார்ச்சு அவனுக்குப் பெயரளவில் தெரியும். வருஷத்தில் இரண்டு தடவை அவள் வீட்டார் செத்தவர்களுக்குப் படைப்பார்கள், பழக்காலத்தில் பழம். இலை போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கதவை அடைத்துவிட்டு எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். செத்தவர்கள் சாப்பிடும்போது உயிரோடிருப்பவர் யாரும் உள்ளே இருக்கக்கூடாது. சாப்பிட்டாயிற்றா என்று கதவைத் தட்டிக் கேட்ட பிறகுதான் திறப்பார்கள். நான்கு வருஷமாக அந்த நாளில் அவன் கள்ளுக்கடையில் இருந்திருக்கிறான்.

"வேற எங்கயாச்சும் வை."

"மேசை இதுதான். வேற இல்ல." அவள் குரலில் ஒன்றுமே இல்லை. "நீங்களே அபாங்க ஏத்தி வெச்சிட்டீங்க."

அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு குந்தினான். பிளக்கைக் கழற்றித் துளையில் எண்ணெய் விட்டுப் பின்சக்கரத்தைச் சுற்றினான். பின்னால், மேசையின் மறுகோடியில், இலை விரியும் சத்தம், தட்டு காலியாகும் சத்தம், கடைசியாகக் கனமாக எதையோ வைத்த சத்தம்.

"அபாங்," என்றாள் பொன்னம்மா. "மாரி மாக்கான்." வா, சாப்பிடு.

கதவு மூடியது. வெளித்தாழ்ப்பாள் விழுந்தது.

"ஏய். தொற."

கதவை அறைந்தான்.

"தொறக்கல, உன் கழுத்த முறிச்சிருவேன்."

தோளால் இடித்தான். கனத்த பழைய பலகை. மறுபடி இடித்தான். கதவிடுக்கில் வந்த வெளிச்சம் நூல் அளவுதான். அது இலைமேல் விழுந்திருந்தது. பழங்களுக்கு நடுவில் ரிங் ஸ்பானர். வளையத்தின் உட்புறம் கறுத்து, அதில் நாலைந்து முடி ஒட்டியிருந்தது.

டுரியான் வாடை அறையை நிறைத்தது. அதற்கு அடியில் பெட்ரோல். வடித்தாயிற்றே. அதற்கும் அடியில் சிகரெட்.

பட்.

செருப்பு.

பட். பட்.

அறை ஐந்து முழம்தான். அந்தக் கால்கள் தூரத்திலிருந்து ஓடி வந்தன.

பட்.

நான்கு. நின்றது.

அவன் மூச்சை அடக்கினான். தூறலும் நின்றிருந்தது. நான்கோடு முடிந்துவிட்டது. அன்றைக்கும் நான்கோடுதான் முடிந்தது.

பட்.

பின்சக்கரம் சுழன்றது. பிளக் இல்லாத இஞ்சின் துளை வழியாக மூச்சு விட்டது, சூடாக, எண்ணெய்த் துளிகளோடு, அவன் முகத்தில். நிறுத்தக் கையை நீட்டினான். சங்கிலி சுண்டுவிரலைப் பிடித்தது. இழுத்தான். அடுத்த விரல். எலும்பு உடையும் சத்தம் அவனுக்கே கேட்டது. பிறகு சக்கரம் வேகமாகச் சுழலவில்லை. மெதுவாக, எண்ணெய் பரவவிடுகிற வேகத்தில், ஒவ்வொரு பல்லாக நகர்ந்தது. விரல்கள். உள்ளங்கை. மணிக்கட்டு.

கதவில் மூன்று தட்டு.

"அபாங்," என்றாள் பொன்னம்மா. "சுடா மாக்கான்?" சாப்பிட்டாயிற்றா?

கத்துவதற்காக அவன் வாயைத் திறந்தான். காதோரம் சிகரெட் சூடு. ஒரு குரல், அவசரமே இல்லாமல், அவனுக்கு முன்னால் பதில் சொன்னது.

"பெலும்."

இன்னும் இல்லை.

வெளியே அவள் பாயை விரித்து உட்கார்ந்தாள். உள்ளே சங்கிலி இன்னொரு பல் நகர்ந்தது.