கரையேறிய அம்பு

ஆழிப்பேரலை வந்து போனதற்கு அடுத்த மாதம் ரேடார் நிலையத்தை மறுபடி திறந்தார்கள். அவள் மத்தியான ஷிப்டுக்குப் போனாள். சுவரெல்லாம் உப்பு பூத்திருந்தது. சேற்று வாடை இன்னும் போகவில்லை.

"வாம்மா, ஊரைக் காப்பாத்தின மகராசி!" என்றார் வாசல் காவலாளி.

அவளுக்கு உடம்பு கூசியது.

கரையோர ஆன்டெனாக்கள் கடலின் நீரோட்டத்தைத் திரையில் அம்புக்குறிகளாகக் காட்டும். அன்று அத்தனை அம்புகளும் வரிசை கட்டிக் கரையை நோக்கித் திரும்பியதை முதலில் பார்த்தவள் அவள்தான். அபாயச் சங்கின் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் எடுத்ததோ செல்போனை. துறைமுகத் தெருவிலிருந்த தங்கை எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். "குழந்தையத் தூக்கிட்டு மொட்டை மாடிக்கு ஓடுடி!" என்று கத்திய பிறகுதான் பொத்தானை அழுத்தினாள்.

ஜன்னலுக்கு நேர் கீழே டீக்கடை அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்து ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அக்காவையும் கடைக்கு வந்திருந்தவர்களையும் அலை கொண்டுபோனது.

அவள் முதலில் போனை எடுத்தது யாருக்கும் தெரியாது. பாராட்டு விழாவில் அவள் தலை நிமிராமல் நின்றதை அடக்கம் என்று மெச்சினார்கள்.

திரை உயிர்பெற்றது. கடல் அமைதியாக இருந்தது. ஆனால் ஒரே ஒரு அம்பு கடலில் இல்லை.

நிலத்தில் இருந்தது.

நிலையத்தின் வாசலில்.

இந்த ரேடார் நிலத்தைப் பார்ப்பதே இல்லை. அவள் கருவியை அணைத்துத் திரும்பப் போட்டாள். அம்பு போகவில்லை. மெல்ல ஊர்ந்தது. கடைவீதியைக் கடந்து துறைமுகத் தெருவுக்குள் திரும்பி நின்றது.

தங்கையை அழைத்தாள்.

"கதவைத் தாழ் போடுடி!"

"ஏங்க்கா? இப்பத்தான் ஒரு அம்மா வந்தாங்க. துணியெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு, பாவம்."

"யாரு?"

தங்கை குரலைத் தாழ்த்தினாள். "உன் ஆபீஸுக்குக் கீழே டீக்கடையாம். அன்னிக்கு நீ போன்ல மாடிக்கு ஓடச் சொன்னது அவங்க காதுல விழுந்துச்சாம். எந்த வீட்டு மாடின்னு இத்தனை நாளா தேடினாங்களாம்."



"அவங்ககிட்ட போனைக் குடு. நான்... நான் மன்னிப்புக் கேக்கணும்."

"மாடி ஏறிட்டாங்களே. குழந்தையும் அவங்க கையப் பிடிச்சுக்கிட்டுப் போயிருக்கு."

திரையில், நிலையத்தின் வாசலில், இன்னொரு அம்பு முளைத்தது.

அதன் பின்னால் இன்னொன்று.

பிறகு எண்ண முடியவில்லை. எல்லாம் துறைமுகத் தெருவை நோக்கித் திரும்பின.