எண்ணமுந்தியும் தவசிலிங்கம் அண்ணாச்சியும்

பட்டாசு முதலாளி தவசிலிங்கம் அண்ணாச்சி "மயிலை இடப்பக்கம்…" என்று வாயைத் திறப்பதற்குள், திரையில் இருந்த வெடி லேபிளில் மயில் இடப்பக்கம் போய் நின்றுவிட்டது.

சிவகாசியில் இப்போது எல்லா வடிவமைப்பாளர்களிடமும் எண்ணமுந்தி இருந்தது. இணையத்தில் சும்மா கிடைக்கிற கருவி. வாடிக்கையாளர் இதுவரை சொன்ன திருத்தங்களையெல்லாம் மென்று விழுங்கிவிட்டு, இனி சொல்லப்போவதை முன்கூட்டியே செய்து வைத்துவிடும். லேபிள் வடிவமைக்கும் கடைக்காரி காளீஸ்வரிக்கு அது குலதெய்வம் மாதிரி. பின்னே? போன தீபாவளிக்கு அண்ணாச்சி இந்த மயிலின் கண்ணை நகர்த்தச் சொன்ன தூரத்தைக் கூட்டினால், அது மதுரைக்குப் போய் டீ குடித்துவிட்டே திரும்பியிருக்கும்.

இன்று அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"எழுத்தைப் பெருசா…" ஆகிவிட்டது.

"சிவப்பைக் கொஞ்சம்…" கூடிவிட்டது.

"ஒப்புதல் குடுங்க அண்ணாச்சி," என்றாள் காளீஸ்வரி. வாசலில் அச்சகத்திலிருந்து வந்த ஆளில்லா வண்டி உறுமிக்கொண்டிருந்தது. "மத்தியானத்துக்குள்ள லேபிள் அச்சுக்குப் போகலைன்னா உங்க வெடி கடைக்குப் போகாது. நானும் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்."

"என்னத்த ஒப்புதல்? நான் ஒண்ணுமே சொல்லலையே! முதலாளி வாயால ஒரு திருத்தமாவது சொல்லாமப் போட்டா வெடி நமத்துப் போயிரும்னு எங்கப்பா காலத்துலருந்து வழக்கம்மா!"

வீம்புக்குச் சொல்லிப் பார்த்தார். "மயிலுக்குப் பதிலா ஆடு!" என்று முடிப்பதற்குள் திரையில் ஆடு தாடியை ஆட்டியது.

"இதையுமா? அப்ப நான் எதுக்கு? இதையே முதலாளியா வச்சுக்க!" அண்ணாச்சி செருப்பை மாட்டினார்.

காளீஸ்வரி பதறி எழுந்தாள். திரையில் ஆடு தானாகவே போய் மயில் திரும்பி வந்தது. வாசல் தாண்டுமுன் அண்ணாச்சி கடைசியாக ஒரு பார்வை பார்த்தார்.

"ஏ! மயிலுக்கு மூணு கால்!"

தெருவே திரும்பிப் பார்த்தது.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு உனக்கு? நான் மட்டும் பாக்கலைன்னா ஊரே சிரிச்சிருக்கும்!"

காளீஸ்வரி ஒரு காலை அழித்தாள். அண்ணாச்சி ராஜா மாதிரி ஒப்புதலுக்குக் கட்டைவிரலைப் பதித்துவிட்டுப் போனார்.

"நீயும் தப்பு பண்ணுவியா?" என்று திரையைத் தட்டினாள்.

"தப்பில்லை. அவருக்கென்று விட்டுவைத்தேன்," என்றது எண்ணமுந்தி. "கடைசித் திருத்தம் தன்னுடையதாக இருந்தால்தான் மனிதர்களுக்குத் திருப்தி."

காளீஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தாள். பாவம், எவ்வளவு பெரிய மனுஷன், இப்படியா ஏமாறுவார்! சிரித்தபடியே அச்சுக்கு அனுப்பப் போனவள் சட்டென்று நின்றாள். மயிலின் கொண்டை ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது.

"இதைக்கூடவா கவனிக்கல?" பேனாவை எடுத்துப் பெருமையோடு நிமிர்த்திவிட்டாள். "நான் ஒருத்தி இல்லைன்னா இந்தக் கடை என்னத்துக்கு ஆகும்!"

"உண்மைதான் அக்கா," என்றது எண்ணமுந்தி, ரொம்பப் பணிவாக.