வேரை வெட்டியவள்

கொசுறுக்குப் பத்து வயது. மூன்று அண்ணன்கள் பிறந்து, இனி போதும் என்று வீடே முடிவு செய்த பிறகு பிறந்தவள். நிறுத்துப் போட்ட பிறகு கடைக்காரர் மேலே ஒரு பிடி போடுவாரே, அதுதான் கொசுறு. அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

வெயிலைக் கொண்டே செடிகளைப் படமெடுக்கலாம் என்று மனிதர்கள் கண்டுபிடித்துச் சில வருடங்களே ஆகியிருந்த காலம் அது. கொசுறின் அத்தைக்கு அந்தப் பைத்தியம் நன்றாகவே பிடித்திருந்தது. இருட்டறையில் காகிதத்தில் மருந்து பூசிக் காய வைப்பார். அதன் மேல் உலர்ந்த செடியைப் பரப்பி, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் வைப்பார். பிறகு தண்ணீரில் அலசினால் காகிதம் முழுக்க நீலமாகிவிடும். செடி மறைத்திருந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும்.

இப்படி நீர்ச்செடிகளுக்கு ஒரு புத்தகம் செய்துகொண்டிருந்தார் அத்தை. மொத்தம் பன்னிரண்டு பிரதிகள். முதல் பக்கத்தில், ‘இதில் கை எதையும் வரையவில்லை, வெயில்தான் வரைந்தது’ என்று எழுதியிருந்தார்.

அப்பாவுக்கு அந்த வரியைப் பார்த்தாலே முகம் சுருங்கும். பீங்கான் தட்டுகளில் பூ வரைவது அவர் தொழில். செடியைக் கொஞ்சம் அழகாக வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று தன் அக்காவான அத்தையிடம் கேட்பார். செடி எப்படி இருக்கிறதோ அப்படித்தான் வைக்க வேண்டும் என்பார் அத்தை. கொசுறுக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே தோன்றும்.

அன்று அத்தை கொதித்துப் போயிருந்தார். மழைக்குப் பின் ஒரு குட்டையில் புதிதாக ஒரு செடி கிடைத்திருந்தது. ஒன்றே ஒன்று. குட்டையும் வற்றிவிட்டது. அதைப் பற்றிப் பெரிய தாவரத் தோட்டத்தின் அதிகாரிக்கு எழுதினால், அப்படி ஒரு செடி கிடையாது, உங்கள் கண் ஏமாந்திருக்கும் என்று பதில் வந்திருந்தது.

“நாளைக்குச் சாயங்காலத் தபால்ல படத்தையே அனுப்புறேன். அப்புறம் யார் கண்ணு ஏமாந்துச்சுன்னு பாக்கலாம்” என்றார்.

மருந்து வாங்க அத்தை கடைக்குப் போனதும் மேகம் விலகி நல்ல வெயில் வந்தது. இருட்டறையில் மருந்து பூசிக் காய்ந்த காகிதம் ஒன்று மிச்சம் இருந்தது. கொசுறு தானே வேலையைத் தொடங்கினாள். அதிகாரி நம்ப வேண்டும் என்றால் படம் அழகாக இருக்க வேண்டும் அல்லவா? செடியின் அடியில் வேர் சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி சுருண்டு கிடந்தது. கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரே வெட்டு. வேர் குப்பைக்கூடைக்குப் போனது.

படம் பிரமாதமாக வந்தது. அப்பா அதைக் கண்டு நெடுநேரம் நின்றார். திரும்பி வந்த அத்தையும் முதலில் சிரித்தார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தார்.

“வேர் எங்கடி?”

கொசுறு சொன்னாள். அத்தை திட்டவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த வேரில் கடுகு அளவில் முடிச்சுகள் இருந்தன. வேறெந்த நீர்ச்செடியின் வேரிலும் அத்தை அப்படிப் பார்த்ததில்லை. அவற்றைத்தான் அதிகாரி நம்பவில்லை.

அப்பாவுக்கு மனம் கேட்கவில்லை. வெள்ளை வண்ணத்தால் வேரை வரைந்துவிடலாம், ஒருவருக்கும் தெரியாது என்றார். அவர் கைக்கு அது ஒரு வேலையே இல்லை.

“வேணாம்ப்பா. கை வரையலைன்னு அத்தை எழுதியிருக்காங்க” என்றாள் கொசுறு.

குப்பைக்கூடையை அப்படியே தரையில் கவிழ்த்தாள். பென்சில் சீவல்களுக்கு நடுவே வேர் இருந்தது. அதைக் கிண்ணத்து நீரில் ஊறவைத்து, ஊசி முனையால் ஒவ்வொரு இழையாகப் பிரித்தாள். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. பிரித்த வேரை மை ஒற்றும் தாளில் பரப்பி, கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்தாள்.

மறுநாள் காலை புதிய காகிதத்தில் செடியை வைத்தாள். அதன் கீழே, இரண்டு விரல் இடைவெளி விட்டு, வேரை வைத்தாள்.

“ஒட்ட வையேன். வெட்டினதே தெரியாது” என்றார் அப்பா.

“வெட்டினேன்தானே? தெரியட்டும்.”

அத்தை கண்ணாடியை அதன் மேல் இறக்கினார்.

அலசியபோது மூவரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். நீலத்தில் செடி வெள்ளையாக எழுந்தது. சுருண்டபடியே வைத்திருந்தால் வேர் வெறும் வெள்ளைத் திட்டாகத்தான் விழுந்திருக்கும். இப்போது ஒவ்வொரு முடிச்சையும் தனித்தனியாக எண்ண முடிந்தது. அத்தை எண்ணினார். பதினேழு. அப்பாவும் எண்ணினார், பிறகு அந்த இடைவெளிதான் படத்துக்கே அழகு என்று ஒப்புக்கொண்டார்.

சாயங்காலத் தபாலில் படம் போனது. பத்து நாள் கழித்து அதிகாரியிடமிருந்து பதில் வந்தது. தம் கண்தான் ஏமாந்தது என்று எழுதி, புத்தகம் முடிந்ததும் தோட்டத்துக்கு ஒரு பிரதி வேண்டும் என்றும் கேட்டிருந்தார்.

அதே செடியை அதே இடைவெளியோடு வைத்து, பன்னிரண்டு பிரதிக்கும் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு படத்தின் கீழும், செடியைக் கண்டெடுத்தவர் என்று அத்தை தன் பெயரை எழுதினார். அதற்கும் கீழே இன்னொரு வரி எழுதினார்: ‘வேரை வெட்டியதும் பிரித்ததும்: கொசுறு.’

“வெட்டினதையும் எழுதணுமா அத்தை?”

“நீதானே தெரியட்டும்னே” என்றார் அத்தை.

கொசுறு கொஞ்சம் வெட்கத்தோடும் நிறையப் பெருமையோடும் அந்த வரியைப் பன்னிரண்டு முறை படித்தாள்.