பீப் சத்தத்துக்குப் பிறகு திருடவும்!

ட்ர்ரிங்... ட்ர்ரிங்...!

ஈப்போ, 1986. பிற்பகல் மூன்று மணி. உடையப்பன் வீட்டு ஹாலில் டெலிபோன் அலறியது.

உடையப்பன் பாய்ந்து எடுக்கப் போனார்.

"எடுக்காதேயும்!"

இன்ஸ்பெக்டர் குலசிங்கத்தின் கை குறுக்கே நின்றது. உடையப்பன் மறுபடி சோபாவில் சரிந்தார்.

எதிரே இரும்புப் பெட்டி... வாயைப் பிளந்துகொண்டு! உள்ளே காற்று மட்டும்.

மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நகை மொத்தமும் காணோம்!

நாலாவது மணியில், டெலிபோனுக்குப் பக்கத்திலிருந்த கறுப்பு மெஷின் 'க்ளிக்' என்றது. உடையப்பனின் குரலிலேயே பேச ஆரம்பித்தது.

"வணக்கம்! நான் உடையப்பன். குடும்பத்தோட மெட்ராஸ் போயிருக்கேன். பதினெட்டாம் தேதிதான் வருவேன். வீட்ல யாரும் இல்ல. பீப் சத்தத்துக்குப் பிறகு பேசுங்க. நன்றி!"

பீப் வருவதற்குள் மறுமுனை வைத்துவிட்டது.

"உந்தப் பேச்சைப் பதிஞ்சு வச்சது ஆர்?" இன்ஸ்பெக்டரின் யாழ்ப்பாணத் தமிழ் நிதானமாக வந்தது.

"நான்தான் சார்..."

"வீட்டிலே ஒருத்தரும் இல்லை, பதினெட்டாம் தேதிதான் வருவன் எண்டு ஊருக்கே சொல்லியிருக்கிறீர்?"

"ஒரு மரியாதைக்கு சார்..."

"கள்ளனுக்கும் மரியாதையோ?"

உடையப்பனின் காது மடல் சிவந்தது.

சிவக்காமல் என்ன செய்யும்? ஈப்போவில் அவர் வைத்திருக்கும் கடையின் போர்டே இதுதான்: 'வெளிநாட்டுப் பயணமா? கவலையை எங்களிடம் விட்டுச் செல்லுங்கள்!' நம்பர் பூட்டுப் பெட்டி, இரும்பு சேஃப், ஆள் இல்லாத வீட்டில் பேசுகிற இந்த மெஷின்... எல்லாம் அவர் சரக்கு. வாங்க வருகிறவர்களுக்கு இலவசமாகப் புத்தியும் சொல்வார்.

"மெட்ராஸுக்கு டூ-இன்-ஒன் கொண்டு போகாதீங்க. கஸ்டம்ஸ்காரன் பாஸ்போர்ட்லயே எழுதிடுவான். சின்ன ரேடியோ போதும். நகையக் கழட்டி சேஃப்ல வைங்க!"

ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன வாய் இப்போது உலர்ந்து கிடந்தது. மகளுக்குப் பட்டு எடுக்க மெட்ராஸிலேயே தங்கிவிட்ட மனைவி நல்லம்மாளுக்கு இன்னும் ஒரு ட்ரங்க் கால் போடவில்லை. எந்த வாயால் சொல்வது?

"இதுல யோசிக்க என்னலா இருக்கு சார்?"

பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தவர் பிச்சைமுத்து. உடையப்பனின் காப்பிக்கடைத் தோழர். நேற்று ரயிலடியிலிருந்து அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தவரும் இவர்தான். காலிப் பெட்டியைப் பார்த்ததும், 'பத்துமலைதான்' என்று முதலில் விரல் நீட்டியவரும் இவர்தான்!

"வீட்டுச் சாவி அவன்கிட்ட. பெட்டிய இங்க கொண்டாந்து இறக்குனது அவன். வேற யாரு?"

"சாவி வச்சிருக்கிறவன் ஏன் பின்பக்கக் குசினி ஜன்னல் கண்ணாடியைக் கழட்டவேணும்?"

"சந்தேகம் வராம இருக்கத்தான் சார்! கைகாரன்லா அவன்!"

பத்துமலை. பன்னிரண்டு வருஷமாகக் கடையில் ரிப்பேர் வேலை. பத்து காஜா ஊர்ப் பக்கம், ரப்பர் மரங்களை வெட்டிவிட்ட ஒரு எஸ்டேட்டின் லயத்து வீட்டில் தாயோடு இருப்பவன். நேற்று கடைவாசலில், தெருவே பார்க்க, உடையப்பன் அவனை ஓங்கி அறைந்தார். இப்போது லாக்கப்பில் இருக்கிறான்.

நாளைக் காலை கோர்ட். ஒரு தடவை கூண்டில் ஏறிவிட்டால் போதும்... அப்புறம் எந்த வீட்டுச் சாவியும் அந்தக் கைக்கு வராது!

"பெட்டி நம்பர் ஆர் ஆருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது சார்! சம்சாரத்துக்குக்கூட சொல்லல!"

"என்ன நம்பர்?"

"மூணு... எட்டு... சுழி... ஆறு."

இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியே பார்த்தார். வாசலில் உடையப்பனின் பழைய டட்சன். நம்பர் பிளேட்டில்... 3806!

"இந்த நம்பரைத்தானே நீர் கிழமைக்குக் கிழமை நாலு நம்பர் லாட்டரியிலே எடுக்கிறனீர்? காப்பிக்கடையிலே நீர் போடுற சத்தம் ரோட்டாலே போற எனக்கே கேட்டிருக்கு!"

உடையப்பனுக்குச் சோபாவுக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது.

"சரி, அந்த மெஷினிலே சிவப்பா என்ன மின்னுது?"

"அது... கரண்ட் இருக்குன்னு அர்த்தம் சார்."

"நிச்சயமோ?"

உடையப்பன் குனிந்து மெஷினை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"நீர்தானே உந்த மெஷினை விக்கிறனீர்?"

"விக்கிறதுதான் நான் சார். அமுக்குறதெல்லாம் பத்துமலை."

இன்ஸ்பெக்டர் டெலிபோனை எடுத்தார். அரைமணி நேரத்தில் ஒரு கான்ஸ்டபிளோடு வந்து சேர்ந்தான் பத்துமலை. கையில் விலங்கு. கன்னத்தில் வீக்கம்.

உடையப்பன் தரையைப் பார்த்தார்.

"பத்துமலை, உது ஏன் மின்னுது?"

"மெசேஜ் இருக்கு சார். மும்மூணு தடவையா மின்னுது பாருங்க... மூணு பேர் பேசியிருக்காங்க."

பிச்சைமுத்து நிமிர்ந்தார். "பேசியிருக்காங்களா? அது பேசத்தானே செய்யும்? நம்ம பேச்சைப் புடிச்சு வேற வைக்குமா?"

"வைக்கும் அண்ணே. பீப்புக்கு அப்புறம் எல்லாத்தையும்."

"அப்படியா..." பிச்சைமுத்து எழுந்தார். "சரி மச்சான், நான் வாரேன். ஒரு ஆளைப் பார்க்கணும்..."

"இரும்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

விலங்கு மாட்டிய கையாலேயே பத்துமலை பட்டனை அமுக்கினான்.

"ஹலோ... ஹலோ! உடையப்பா! நான் நவமணி அத்தைடா! நான் பேசப் பேச நீ பாட்டுக்குப் பேசிக்கிட்டே போறியே... வயசுக்கு ஒரு மரியாதை இல்ல? வைடா ஃபோனை!"

பீப்...

அடுத்தது, பின்னணியில் கோப்பைகள் மோதும் சத்தம். ஓர் ஆண் குரல்.

"மச்சான்... உடையப்பா... ஆ, மெஷின்தான் பேசுது." குரல் பக்கத்திலிருந்த யாரிடமோ திரும்பியது. "டேய், வீட்ல ஈ காக்கா இல்ல. பதினெட்டு வரைக்கும் காலி. பின்னால ஜன்னல் கண்ணாடிய உருவினா போதும், போலாம்லா! பெட்டி நம்பரா? அதைத்தான் அவன் வாரவாரம் கத்துறானே!"

எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

அது... பிச்சைமுத்துவின் குரல்!

நாற்காலி காலி. வாசலில் ஒரு செருப்பு மட்டும். மறு செருப்போடு ஓடிய பிச்சைமுத்துவின் சட்டைக் காலர், கேட்டுக்குப் பக்கத்தில் கான்ஸ்டபிளின் கையில்!

"மச்சான்! தொறந்தேன்... ஒத்துக்கிறேன்! ஆனா சத்தியமா உள்ள ஒண்ணுமே இல்ல! வெறும் பெட்டி மச்சான்!"

"நல்ல கதை!" இன்ஸ்பெக்டர் உறுமினார்.

மெஷின் நிற்கவில்லை. பீப்...

"என்னங்க... நான் நல்லம்மா. மெட்ராஸ்லேருந்து. ட்ரங்க் கால்ல மூணு நிமிஷம்தான் குடுத்திருக்கான். நீங்க இப்பத்தான் ஏரோப்ளேன் ஏறியிருப்பீங்க. வீட்டுக்குப் போயி பெட்டியத் தொறந்து நெஞ்சப் புடிச்சுக்காதீங்க. நகை அதுல இல்ல! நம்ம கிளம்புன அன்னிக்கு, நீங்க டாக்ஸி புடிக்கப் போன நேரம் பார்த்து எடுத்து, பத்துமலைகிட்ட அவன் அம்மா ராக்காயிக்குக் குடுத்து அனுப்பிட்டேன். லயத்துல பால் மாவு டின்னுல பத்திரமா இருக்கு. உங்க நம்பர் காப்பிக்கடை நாய்க்குக்கூடத் தெரியும். உங்ககிட்ட சொன்னா அதையும் மெஷின்ல பேசி வெச்சிருவீங்க! அதான் உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு பத்துமலைகிட்ட மாரியாத்தா மேல சத்தியம் வாங்கிட்டேன். அவனை ஒண்ணும் கேக்காதீங்க..."

பீப்...

பிச்சைமுத்து வண்டியில் ஏற்றப்பட்டார். பத்துமலையின் விலங்கு கழன்றது. அவன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான்.

உடையப்பன் அவன் பக்கம் நகர்ந்தார். "நேத்தே சொல்லியிருக்கலாம்லடா..."

"சத்தியம் போனா போவுதுன்னு வாயத் தொறந்தேன் அண்ணே. 'அண்ணே, நகை...'ன்னேன். அதுக்குள்ள அறை விழுந்துருச்சு. அப்புறம் சொல்ல மனசு வரல." கன்னத்து வீக்கத்தைத் தொட்டுக் காட்டினான். "பன்னெண்டு வருஷம் சாவி என்கிட்ட இருந்துச்சு. நீங்க ஒரு வார்த்தை கேக்கவே இல்ல. அடிச்சீங்க."

உடையப்பனின் உதடு அசைந்தது. "மன்னிச்சுக்கடா..."

"அறைஞ்சது கடைத்தெரு பூரா கேட்டுச்சு. இது எனக்கே கேக்கல அண்ணே."

பத்துமலை மெஷினின் மூடியைத் திறந்தான். ஒரு பட்டனை அமுக்கிப் பிடித்தான்.

"இதுல சொல்லுங்க. சத்தமா."

"அது... ஃபோன் பண்ற எல்லாருக்கும் கேக்குமேடா! ராத்திரி வீட்டுக்கு வந்து, உங்கம்மா முன்னால சொன்னா பத்தாதா?"

பிறந்ததிலிருந்து பேரம் பேசி வளர்ந்த மனிதர்... இதற்கும் பேசிப் பார்த்தார்!

பத்துமலை பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை.

மாலை ஆறு மணி.

ட்ர்ரிங்... ட்ர்ரிங்...!

உடையப்பன் எடுக்கவில்லை. நாலாவது மணியில் 'க்ளிக்'.

"வணக்கம். நான் உடையப்பன். வீட்லதான் இருக்கேன். பத்துமலை திருடல. அவனை நடுத்தெருவுல, ஒரு வார்த்தை கேக்காம, கை நீட்டினது நான். வெக்கமா இருக்கு. பீப் சத்தத்துக்குப் பிறகு... என்னைத் திட்டுறவங்க திட்டலாம்."

பீப்...

மறுமுனையில் கடல் தாண்டி வந்த இரைச்சல். பிறகு நல்லம்மாளின் குரல்.

"என்னங்க... வாங்கின நாளா இன்னிக்குத்தான் அந்த மெஷின் உருப்படியா பேசுது! நான் வர்ற வரைக்கும் அதையே பேச விடுங்க... நீங்க வாயத் தொறக்காதீங்க!"