தலைவர் கையில் ஓர் ஆந்தைக் குஞ்சு

வியாழக்கிழமை ஆந்தை கத்தியது. வெள்ளிக்கிழமை சிவானந்தம் ஐயா தேர்தலில் தோற்றார்.

பெரிய தேர்தல் என்று நினைத்துவிடாதீர்கள். சுற்றுவட்டாரக் கோயில் கமிட்டிகள் எல்லாம் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு சங்கம். அதில் துணைத் தலைவர் பதவி. ஓட்டுப் போடும் முன் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். ஐயா, தேநீர் ஆறி, பலகாரத்தில் ஈ மொய்க்கும் வரை பேசினார். அவர் ஏன் தோற்றார் என்று மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஐயாவுக்கு மட்டும் தெரியவில்லை. அவர் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்து, காரணம் ஆந்தைதான் என்று முடிவு செய்தார்.

அந்த ஆந்தை யார் வீட்டுக்கும் அழையாமல் வந்ததில்லை. மலேசியாவில் அசாம் ஜாவா என்ற ஊரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில், வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தின் கடைசியில், கோயிலுக்குப் பின்னால் உயரமான மரத்தூண் ஒன்று உண்டு. அதன் உச்சியில் ஒரு மரப்பெட்டி. ஆந்தை குடியிருப்பதற்காகத் தோட்ட நிர்வாகமே வைத்த பெட்டி அது. எலி செம்பனைப் பழத்தைத் தின்னும். ஆந்தை எலியைத் தின்னும். நிர்வாகத்துக்கு எலி மருந்துச் செலவு மிச்சம்.

இப்போது அந்தப் பெட்டிக்குள் நான்கு குஞ்சுகள் இருந்தன.

தனேஸ்வரிக்கு அது தெரியும். பதினொரு வயதுப் பெண். பெட்டிகளை ஏறிப் பார்ப்பது அவளுடைய அப்பா குமரவேலின் வேலைகளில் ஒன்று. அவர் கைப்பேசியில் எடுத்து வந்த படத்தை அவள் எத்தனை முறை பார்த்தாள் என்று கணக்கில்லை. பஞ்சுப் பொதி போல உடம்பு. நடுவில் வெள்ளையாக ஒரு முகம். யாரோ எழுப்பிவிட்டார்களே என்ற கோபம் நான்கு முகத்திலும் இருந்தது.

கோயில் கமிட்டித் தலைவரான ஐயாவோ கமிட்டியைக் கூட்டினார். கோயிலுக்குப் பக்கத்தில் அபசகுனம் இருக்கக் கூடாது, இரண்டு வாரம் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை தூணை அறுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார். தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணிக்கு இதில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. தோட்டத்தில் வேறு பெட்டிகள் இருக்கின்றன, கமிட்டி விருப்பம் போலச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். அறுக்கும் வேலை யாருக்கு வந்தது தெரியுமா? குமரவேலுக்கு.

பெட்டியை வேறு இடத்தில் நட்டால் என்ன என்று தனேஸ்வரி கேட்டாள்.

"தாய் பழைய எடத்துக்குத்தான் வரும்மா," என்றார் அப்பா. "குஞ்சுங்களுக்கு இன்னும் பறக்கத் தெரியாது. கீழ கெடந்தா பூனை இருக்கு, உடும்பு இருக்கு. தாங்காது."

"அப்ப முடியாதுன்னு சொல்லுங்கப்பா."

அப்பா ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். போட்ட இடத்திலேயே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

தனேஸ்வரி நேராக ஐயாவிடமே போனாள். ஆந்தை ஒரு வருடத்தில் எத்தனை எலி பிடிக்கும், அது கத்துவது அதன் பேச்சு, அதற்கும் நம் நல்லது கெட்டதுக்கும் தொடர்பில்லை என்று, பள்ளிக்கூடத்தில் படித்ததையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பாப்பா, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் இங்க தலைவர். எனக்கே பாடமா?"

ஒருவரிடம் அவர் தப்பு என்று சொன்னால் அவர் திருந்த வேண்டும். அதுதான் நியாயம். ஆனால் ஐயா அதற்குப் பிறகு எதிரில் வந்தவரிடமெல்லாம் ஆந்தையின் கெடுதல்களைப் பற்றி முன்பைவிடச் சத்தமாகப் பேசத் தொடங்கினார்.

தனேஸ்வரியின் தோழி சனா நன்றாகப் படம் வரைவாள். அவள் ஓர் ஆந்தை வரைந்து கொடுத்தாள். அதற்குக் கீழே 'ஆந்தை நம் நண்பன், அதை விரட்டுவது அறியாமை' என்று தனேஸ்வரி எழுதினாள். அடுத்த சனிக்கிழமை காலை அதைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். அவசரத்தில் ஒட்டியதால், அங்கே ஏற்கெனவே மாலையோடு சிரித்துக்கொண்டிருந்த ஐயாவின் படத்தில் பாதி மறைந்துபோயிற்று. ஐயாவின் உடம்புக்கு மேல் ஆந்தையின் தலை இருந்தது.

ஊர் சிரித்தது. ஐயா சிரிக்கவில்லை. படத்தைக் கிழித்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அடுத்த ஞாயிறு வரைக்கும் காத்திருக்க வேணாம்," என்றார். "நாளைக்குக் காலையிலயே அறுக்கணும்."

குஞ்சுகளுக்கு ஒரு வாரம் இருந்தது. தனேஸ்வரி காப்பாற்றப் போய், அந்த ஒரு வாரமும் போய்விட்டது.

அன்று மதியம் சாப்பாடு வாங்க அப்பாவோடு மோட்டார் சைக்கிளில் கோலசிலாங்கூர் டவுனுக்குப் போனாள். சனாவின் வாப்பா பாவா அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். தனேஸ்வரி ஒரு மூலையில் உட்கார்ந்து சனாவிடம் நடந்ததைச் சொன்னாள்.

அப்போது நடு மேசையில் ஒருவர் தட்டைத் தள்ளினார். மீன் கறி சரியில்லை, வாயில் வைக்க முடியவில்லை, இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பாவா சண்டைக்குப் போகவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கறிச் சட்டிக்குப் பக்கத்தில் அவரை அழைத்துப் போய் ஒரு கரண்டியைக் கையில் கொடுத்தார்.

"நீங்க நல்லா சாப்பிட்டுப் பழகுன ஆளு. என்ன கொறச்சல்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அவர் ருசி பார்த்தார். கண்ணை மூடினார். புளி, என்றார். ஒரு கரண்டி புளித் தண்ணீரை அவரே ஊற்றிக் கலக்கினார். சட்டியோ ஒரு குழந்தையைக் குளிப்பாட்டும் அளவு பெரியது. அந்தக் கரண்டிப் புளி அதற்குள் எங்கே போனதோ தெரியாது. ஆனால் அவர் திரும்பி வந்து இரண்டு தட்டுச் சாப்பிட்டார். பக்கத்து மேசைக்காரரிடம், இன்றைக்கு மீன் கறி தவறவிடக் கூடாதது என்று வேறு சொன்னார்.

சனா சாதாரணமாகச் சொன்னாள், வாப்பா எப்போதும் இப்படித்தான் என்று.

தனேஸ்வரி அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரை யாரும் மாற்றவில்லை. ஒரு கரண்டியைக் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

சாயங்காலம் அவள் மறுபடி ஐயா வீட்டு வாசலில் நின்றாள். இந்த முறை எலிக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. படம் ஒட்டியது தப்பு என்று மன்னிப்புக் கேட்டாள். அது உண்மையாகவே தப்புதான் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. பிறகு கேட்டாள்.

"நாளைக்கு அப்பா குஞ்சுங்கள ஒண்ணொண்ணா எறக்குவாங்க ஐயா. கீழ ஒருத்தர் வாங்கிப் பிடிக்கணும். சின்னப் பிள்ளைங்க கை நடுங்கும். நீங்க ஒரு குஞ்ச மட்டும் பிடிச்சுக்குவீங்களா?"

ஐயா திடுக்கிட்டார். ஆந்தையையா, என்றார். பிறகு தன் கையைப் பார்த்தார். நடுங்காத கை என்று யாராவது சொல்லி எவ்வளவு காலமாயிற்றோ.

"ஒண்ணே ஒண்ணு," என்றார். "அதுவும் கொஞ்ச நேரம்."

ஞாயிறு காலை லயமே தூணடியில் கூடிவிட்டது. டவுனிலிருந்து சனாவும் வந்திருந்தாள். ஐயா வெள்ளை வேட்டியும், பாத்திரம் கழுவும் ரோஸ் நிற ரப்பர் உறையுமாக வந்தார். யாருக்கோ சிரிப்பு வந்தது. தனேஸ்வரி திரும்பிப் பார்த்த பார்வையில் அது நின்றது.

அப்பா ஏணியில் ஏறினார். தாய் ஆந்தை சத்தமில்லாமல் வெளியே பறந்து செம்பனை மரங்களுக்குள் மறைந்தது. முதல் குஞ்சு வாளியில் இறங்கியது. தனேஸ்வரி அதைத் தூக்கி ஐயாவின் கையில் வைத்தாள்.

குஞ்சு சீறியது. ஐயா முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஆனால் கையை இழுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குஞ்சு அவருடைய கட்டைவிரலில் தலையைச் சாய்த்தது.

"இதோட நெஞ்சு இப்படி அடிக்குதே," என்றார் மெதுவாக. உறை இடைஞ்சலாக இருக்கிறது என்று அதைக் கழற்றிவிட்டு, வெறுங்கையால் பிடித்துக்கொண்டார்.

மற்ற மூன்றும் இறங்கின. அவை ஒரு கூடையில்.

"இதுங்கள எங்க வைக்கலாம் ஐயா?" என்று தனேஸ்வரி கேட்டாள். "நீங்களே சொல்லுங்க."

ஐயா சுற்றிப் பார்த்தார். கோயில் கிடங்கு, என்று ஆரம்பித்து, அங்கே பூனை படுக்கும் என்று அவரே நிறுத்தினார். கோழிக் கூண்டு, என்றார். உடும்பு கம்பி வலையைக் கிழிக்கும் என்று அவரே மறுத்தார். ஒவ்வொரு இடமாகச் சொல்லி ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் துண்டை எடுத்துக் குஞ்சுக்கு நிழலாகப் பிடித்தார்.

அப்போது குஞ்சு கழுத்தை நீட்டி, விக்கி, கறுப்பாக ஒரு உருண்டையை வேட்டியில் கக்கியது. ஐயா அருவருப்போடு குனிந்தார். உருண்டை உடைந்தது. உள்ளே ரோமம், சின்னச் சின்ன எலும்பு, பல்லோடு ஒரு எலித் தலை.

"எலி," என்றார் ஐயா. "கிடங்குல அரிசி மூட்டையக் கடிச்ச சனியன்."

யாரும் அவருக்கு எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சரியாக அந்த நேரத்தில் சோமு குறுக்கே வந்தார். கமிட்டியில் செயலாளர். எந்த வேலையும் சட்டென்று முடிந்து சாப்பிடப் போக வேண்டும் அவருக்கு.

"தலைவரே, எல்லாம் எறக்கியாச்சு. அறுத்துடலாமா?"

அப்பா ரம்பத்தைக் கையில் எடுத்தார். அவர் கண் மகளைப் பார்க்கவில்லை.

ஐயா குஞ்சை மார்போடு நெருக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தலைவரே," என்றார் சோமு. "நேத்து கெட்ட சகுனம்னு சொன்னீங்க. இன்னிக்குத் தூக்கிக் கொஞ்சுறீங்க. மனசு மாறிடுச்சா?"

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. ஐயாவின் காது சிவந்தது. கழுத்து விறைத்தது. சனா சிரிப்போடு என்னவோ சொல்ல வந்தாள். தனேஸ்வரி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். இப்போது இன்னும் ஒருவர் சிரித்தால் போதும், ஐயா 'அறு' என்று சொல்லிவிடுவார். மனம் மாறவில்லை என்று காட்டுவதற்காகவே சொல்லிவிடுவார்.

மாறிவிட்டேன் என்று ஐயாவால் சொல்ல முடியாது. அப்படியானால் அவர் வேறு எதைச் சொல்ல முடியும்? கமிட்டிக் கூட்டங்களில் தேநீர் கொடுக்கப் போனபோதெல்லாம் கேட்ட ஒரு சொல் அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கமிட்டி அதிகம் செய்த காரியமும் அதுதான்.

"ஐயா, குஞ்சுங்க பறக்கற வரைக்கும் இந்தத் தீர்மானத்த ஒத்திவைக்க முடியுமா? முடிவு நீங்கதான் சொல்லணும்."

ஐயாவின் கழுத்து இளகியது. அவர் நிமிர்ந்தார். குஞ்சோடு சேர்த்து மார்பும் நிமிர்ந்தது.

"கிடங்குல எலித் தொல்லை இருக்கு," என்றார். "அத உத்தேசிச்சு, தலைவர்ங்கற முறையில, இந்தத் தீர்மானத்த ஒத்திவைக்கிறேன். சோமு, குறிச்சுக்குங்க. குமரவேல், குஞ்சுங்கள மேல வைப்பா. பாத்து."

அப்பா ரம்பத்தைக் கீழே வைத்த சத்தம் தனேஸ்வரிக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

ஆனால் குஞ்சுகள் மேலே போன பிறகும் தாய் வரவில்லை. பகல் போயிற்று. இவ்வளவு கூட்டத்தைப் பார்த்த பறவை, பயந்து கூட்டையே விட்டுவிடலாம் என்று அப்பா சொன்னார். வெயில் சாய்ந்தபோது தனேஸ்வரி தூணுக்கு எட்ட, ஒரு செம்பனை அடியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். ஐயா.

அன்று மாலை தஞ்சோங் காராங்கில் ஒரு கல்யாணத்துக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர். மாலை உண்டு, பொன்னாடை உண்டு, பேச மைக்கும் உண்டு. இப்படி ஒரு மேடையை விட்டுவிட்டு அவர் வேறு எங்கும் போனதாக அந்த வட்டாரத்தில் யாருக்கும் நினைவில்லை.

"போகலையா ஐயா?"

"கொசு கடிக்குது, பேசாத," என்றார்.

இருட்டத் தொடங்கியது. பெட்டிக்குள் குஞ்சுகள் பசியில் சீறும் சத்தம் கேட்டது. ஐயா துண்டைக் கையில் முறுக்கினார், பிரித்தார், முறுக்கினார். தனேஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மரங்களுக்கு நடுவே எதுவும் அசையவில்லை.

பிறகு அசைந்தது. வெள்ளையாக, சத்தமே இல்லாமல், தாழ்வாக வந்தது. காலில் ஒரு எலி தொங்கியது. பெட்டியின் விளிம்பில் ஒரு கணம் நின்று, உள்ளே போயிற்று.

"வந்துருச்சு," என்றார் ஐயா. அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி அவள் கேட்டதில்லை.

குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பறந்து போயின. ஒத்திவைத்த தீர்மானத்தை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. பெட்டிக்கு அருகே பட்டாசு வெடித்த சோமுவின் மகனுக்கு ஐயா விட்ட திட்டு, கோயிலைத் தாண்டிக் கேட்டது.

பள்ளி விடுமுறையில் பக்கத்துத் தோட்டத்துக் கமிட்டிக்காரர்கள் பெட்டியைப் பார்க்க வந்தார்கள். ஐயா தூணைத் தட்டிக்காட்டி விளக்கினார். தனேஸ்வரியும் சனாவும் பாசிர் பெனம்பாங்கில் வாங்கிய, அப்பளம் போன்ற மீன் கெரோப்போப் பொட்டலத்தோடு பக்கத்தில் நின்றார்கள்.

"ஆரம்பத்துல இங்க சில பேருக்கு ஆந்தைன்னா அபசகுனம்னு நெனப்பு," என்றார் ஐயா வருத்தத்தோடு. "அறியாமை. நான்தான் பொறுமையா எடுத்துச் சொல்லிப் புரிய வச்சேன்."

சனா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். தனேஸ்வரி பொட்டலத்தில் இருந்ததிலேயே பெரிய கெரோப்போவாகப் பார்த்து எடுத்து, அந்த வாயில் வைத்தாள்.